செருப்பில்லாமல் சி.டி.எச். சாலையில்

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் இரண்டு விதப் போக்குவரத்து. அம்பத்தூர்க்காரர்கள் சி.டி.எச். சாலை என்று சொல்லும் அந்தச் சாலையின் நடுவில் எப்போதும் போல கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும். ஓரத்தில் மஞ்சள் உடுத்தி, துளசி மாலை போட்டு, தோள்பையோடு திருப்பதி நோக்கி நடக்கும் கூட்டம். பார்க் டவுன் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் திருப்பதிக் குடைகளும் வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று இதே திசையில்தான் போகின்றன. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக் காவடி, ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்து பவானியம்மன் என்று மேற்குச் சென்னையின் சாலைகளுக்கு ஆண்டில் பல தடவை இந்தக் கூட்டம் வரும். நடப்பவர்களில் பெரும்பாலானவர்கள் காலில் செருப்பு இருக்காது.

வெறுங்காலோடு காடு மலை ஏறுவது ஐரோப்பாவில் ஒரு பொழுதுபோக்கு. ஜெர்மனியில் அதற்கென்றே பூங்காக்கள் உண்டு. கூழாங்கல், மரப்பட்டை, சேறு என்று தளம் மாறிக்கொண்டே போகும். 2009-ல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய ‘பார்ன் டு ரன்’ வந்தபின் அமெரிக்காவில் வெறுங்கால் ஓட்டம் ஒரு அலையாகவே கிளம்பியது. அந்த அலைக்கு ஒரு பழைய நாயகனும் கிடைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானைச் செருப்பில்லாமல் ஓடி வென்ற எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. அவரே 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு, இன்னும் வேகமாக ஓடி, மறுபடியும் தங்கம் வாங்கினார் என்பதை வெறுங்கால் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நம் ஊரில் இது பொழுதுபோக்கு இல்லை, வேண்டுதல். ஆனால் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அம்பத்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஒரு எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுமார் 1.7 லட்சம் எட்டுகள். அதற்குப் பிறகு மலையேற அலிபிரியில் 3,550 படிகள். இத்தனையையும் தாங்கப்போவது காலில் இருக்கும் எலும்பும் தோலும்தான்.

உடம்பில் உள்ள 206 எலும்புகளில் 52 இரண்டு பாதங்களில் இருக்கின்றன, கால் பங்கு. பாதத்தின் நீளவாக்கில் உள்ள வளைவு எல்லோரும் அறிந்தது; ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் தடத்தில் தெரியும். குறுக்குவாக்கிலும் ஒரு வளைவு உண்டு. அதை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020-ல் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் ஸ்ரேயஸ் மந்த்ரே முதலான சக ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புது ரூபாய் நோட்டு ஒன்றை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தொங்கும். அதையே அகலவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். பாதத்திலும் நடப்பது இதுதான் என்றது அந்த ஆய்வு. தானமாகக் கிடைத்த உடல்களின் பாதங்களில் குறுக்குத் திசுக்களை வெட்டிப் பார்த்தபோது பாதத்தின் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உடல் எடையைவிட அதிகமான விசையோடு தரையைப் பின்னுக்குத் தள்ளும்போதும் பாதம் நடுவில் மடங்காமல் இருப்பதற்கு இந்தக் குறுக்கு வளைவு பெரிய காரணம்.

அடுத்தது தோல். உள்ளங்காலில் முடி இல்லை, எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளம். குதிகாலில் பித்தவெடிப்பு வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. தோல் தன்னைத் தானே எண்ணெய் பூசிக்கொள்ள வழியில்லாததால் காய்ந்து, எடை அழுத்தும் விளிம்பில் பிளக்கிறது. இந்தத் தோலின் மேலடுக்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் மட்டுமே பெருமளவில் உருவாகும் ஒரு தனிக் கெரட்டின் புரதமும் அதற்கு உண்டு. இதற்கு அடியில் அழுத்தம், அதிர்வு, இழுப்பு என்று தனித்தனியாகப் பதிவுசெய்யும் நரம்பு முனைகள். சிறு கல்லில் கால் பட்டதும் யோசிப்பதற்குள் எடை மறுகாலுக்கு மாறிவிடுவது இவற்றால்தான்.

வெறுங்காலோடு நடந்து நடந்து தோல் காய்த்துப்போனால் இந்த உணர்வு மழுங்கிவிடாதா? நியாயமான கேள்வி. டேனியல் லீபர்மனின் ஹார்வர்டு குழு 2019-ல் இதற்கு விடை தேடியது. மேற்குக் கென்யாவில் 81 பேர், அமெரிக்காவின் பாஸ்டனில் 22 பேர். சிலர் செருப்பே போடாதவர்கள், சிலர் எப்போதும் போடுபவர்கள். எதிர்பார்த்தபடியே வெறுங்கால்காரர்களின் தோல் தடிமனாக இருந்தது. ஆனால் உணர்வு குறையவில்லை. காய்ப்பு விறைப்பானது என்பதால் தரையின் அதிர்வை அப்படியே அடியிலுள்ள நரம்புக்குக் கடத்திவிடுகிறது. மெத்தென்ற ஷூ அடிப்பாகம் அப்படியில்லை. அது பாதுகாப்பையும் தருகிறது, சேதியையும் விழுங்கிவிடுகிறது.

இந்தியக் கால்கள் இந்த ஆராய்ச்சிகளில் முன்பே இடம்பிடித்தவை. 1992-ல் மணிப்பாலின் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் கால் தடங்களைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்புறம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். 2009-ல் பெல்ஜிய ஆய்வாளர் கிறிஸ்தியான் தவூ குழுவினர் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களை அழுத்தம் அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டார்கள். அவர்களின் முன்பாதம் அகலமாக இருந்தது. எடை ஒரே இடத்தில் குவியாமல் பாதம் முழுக்கப் பரவியது. இதை வைத்து எல்.கே.ஜி. பிள்ளைகளின் ஷூவையெல்லாம் தூக்கி எறியச் சொல்ல முடியாது. வளரும் வயதில் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு விளையாடினால் நல்லது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அமெரிக்க அலை கரையில் மோதிய இடம் வேறு. செருப்பில்லாத கால் பலமானது என்று படித்தவர்கள், ஷூவிலேயே முப்பது ஆண்டு இருந்த காலை ஒரே வாரத்தில் தரைக்கு இறக்கினார்கள். 2013-ல் சாரா ரிட்ஜ் நடத்திய ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 19 பேர் பத்து வாரங்களில் மெல்லிய விரல்ஷூவுக்கு மாறினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் நீர்கோத்திருந்தது. எலும்பு முறிவதற்கு முந்தைய எச்சரிக்கை அது. தோல் சில வாரங்களில் தடிக்கும். தசை சில மாதங்களில் தேறும். எலும்பு எல்லாவற்றையும்விட மெதுவாகவே தன்னை மாற்றிக்கொள்ளும்.

நம் விரத முறையில் இதற்கு ஒரு ஏற்பாடு, யாரும் திட்டமிடாமலே, இருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாளோ 48 நாளோ செருப்பு போடுவதில்லை. கடைக்கு, வேலைக்கு, கோயிலுக்கு எல்லாம் வெறுங்கால்தான். பெருவழியில் கால் வைப்பதற்குள் தோலுக்கும் தசைக்கும் ஒன்றரை மாதப் பயிற்சி ஆகிவிடும். நோக்கம் பக்தி, பலன் உடற்பயிற்சி. இன்று பலருக்கு அது சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை வரை அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதுகாப்பு பூட்ஸில் நின்றவர், சனிக்கிழமை காலை மாலை போட்டு, அன்று மாலையே சி.டி.எச். சாலையில் இறங்குகிறார். திருநின்றவூர் தாண்டுவதற்குள் கொப்புளம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

இறங்கும் நேரமும் முக்கியம். தார்ச்சாலை வெயிலில் காற்றைவிட 25 முதல் 30 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். காற்று 33 டிகிரி செல்சியஸ் என்றால் தார் 60-ஐத் தொட்டுவிடும். தோல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்பதற்கு 1947-ல் ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் தந்த கணக்குதான் இன்றும் அடிப்படை. 44 டிகிரியில் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் ஐந்தே நொடிகள் போதும். உள்ளங்காலின் தடித்த தோலும், எட்டுக்கு எட்டு கால் தரையை விட்டு எழும்புவதும் இந்த நேரத்தை நீட்டித் தருகின்றன. அதனால்தான் நடப்பவர் தப்பிக்கிறார். சிக்னலில் நின்றவருக்குச் சுட்டுவிடுகிறது.

பங்குனி மதியம் கோயில் பிராகாரத்தில் குதித்துக் குதித்து ஓடியவர்களுக்கு இன்னொரு உண்மை தெரியும். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் தாரைவிடக் கருங்கல் அதிகம் சுடும்; அது சூட்டை வேகமாகக் காலுக்குள் செலுத்துகிறது. தீமிதியில் நடப்பது இதன் மறுபக்கம். தணல் பல நூறு டிகிரி சூடானது. ஆனால் கரி சூட்டை மிக மோசமாகக் கடத்தும் பொருள். கால் படும் நேரமும் அரை நொடிதான். பிராகாரத்தில் வெள்ளைப் பூச்சுப் பாதை போட்டு, தென்னைநார் விரிப்பு விரித்துத் தண்ணீர் தெளிக்கும் கோயில்கள் இந்த இயற்பியலைத்தான் பின்பற்றுகின்றன. நெடுஞ்சாலைக்கு அப்படி யாரும் செய்யப்போவதில்லை. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் நடப்பதுதான் வழி. இரவு நடைக்கு முதுகில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் கட்டாயம் வேண்டும். இருட்டில் காலுக்கு இருப்பதைவிட உயிருக்கு ஆபத்து பெரிது.

சரி, அந்தக் காலத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கவில்லையா என்று கேட்பார்கள். நடந்தார்கள். திருவள்ளூருக்கு வடக்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு. அவற்றைச் செய்தவர்களுக்குச் செருப்பு கிடையாது. அவர்கள் மிதித்தது களிமண்ணும் சரளையும். இன்று ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே சாலையோர மண்ணில் கிடப்பது உடைந்த பாட்டில் சில்லு, கடைசல் பட்டறையின் இரும்புச் சுருள், ஏரிக்கரையிலிருந்து வெட்டிப்போட்ட சீமைக் கருவேல முள். அந்த முள்ளின் நுனி உள்ளே முறிந்து மூட்டருகே தங்கிவிட்டால் மாதக்கணக்கில் வீக்கம் வடியாது. ஊசியால் கிளறிக்கொண்டிருப்பதைவிட மருத்துவரிடம் போவது மேல். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று நடைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வெறுங்கால் எல்லோருக்கும் விருப்பமாக இருந்ததில்லை. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தலித் மக்கள் மீது திணிக்கப்பட்ட கட்டுப்பாடு பழங்கதை ஆகிவிடவில்லை. கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவி கிராமத்துக்கு மலையேறிப் போகிறவர்கள் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றுவது எல்லோருக்கும் பொதுவான தெய்வ மரியாதை. ஆளைப் பார்த்துக் கழற்றச் சொல்வதை அதோடு சேர்க்க முடியாது. வெறுங்காலின் பெருமை பேசும் அறிவியல் கட்டுரைகள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

செருப்பின் பெரிய மருத்துவப் பயன் கொக்கிப்புழுவைத் தடுப்பது. கெய்ரோவில் 1890-களின் கடைசியில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். இடம் அரித்தது. சில வாரம் கழித்து அவர் மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள்! புழு வாய்வழியாக மட்டும் வருவதில்லை, தோலைத் துளைத்தும் வருகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். விரல் இடுக்கில் நுழைந்து, இரத்தம் வழியாக நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பங்கேற்ற டிவோர்ம்3 என்ற குடற்புழு நீக்க ஆய்வு இந்த நூற்றாண்டில்தான் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்தது. பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. காய்ந்த தார்ச்சாலையில் இந்தப் புழு பிழைக்காது. நிழலும் ஈரமும் உள்ள, மனிதர்கள் ஒதுங்கும் புதரோர மண்தான் அதன் வீடு. பாதயாத்திரைக் கூட்டமே ஆயிரக்கணக்கில் ஒதுங்கும் இடங்களில் வெறுங்காலோடு இறங்குவது சரியில்லை. பையில் ஒரு ரப்பர் செருப்பு இருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கு விரதம் கெட்டுவிடாது.

மழைக்காலத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லித் தெருக்களில் தேங்கும் நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்த அந்த நீரில் காலில் சிறு வெட்டோடு நடந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரலாம். வெட்டு இல்லாவிட்டாலும் ஊறிய விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் நிச்சயம்.

வெறுங்காலோடு பழக ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பகுதியில் நல்ல இடங்களும் இருக்கின்றன. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் திறந்த பசுமைப் பூங்காவின் நடைபாதை காலை வேளையில் குளிர்ந்திருக்கும். பல பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையைக் காணலாம். அதில் நடப்பதால் எல்லா நோயும் தீரும் என்று பலகை வைத்திருப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடிப்படை இல்லாத பேச்சு அல்ல. 2005-ல் அமெரிக்காவின் ஓரிகனில் வயதானவர்கள் 108 பேரை வைத்து நடத்திய ஆய்வில், கூழாங்கல் விரிப்பின் மேல் 16 வாரம் நடந்தவர்களுக்குச் சாதாரணமாக நடந்தவர்களைவிடச் சமநிலை மேம்பட்டது, இரத்த அழுத்தமும் குறைந்தது. முதல் வாரம் பத்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கினால் போதும். பாதத்தின் மேற்பக்கத்தில் விரலால் அழுத்தும்போது ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் நிறுத்திவிட வேண்டும். எலும்பு அப்படித்தான் சொல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் வலியை உணரும் காலுக்கு. உணராத காலின் கதையை உலகுக்குச் சொன்னவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் மலைப்பிள்ளைகளோடு வளர்ந்த பால் பிராண்ட், 1946-ல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். விரல்களும் பாதங்களும் அழுகி உதிர்வது தொழுநோயின் இயல்பு என்று எல்லோரும் நம்பிய காலம். பிராண்ட் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நோய் செய்தது ஒன்றே ஒன்றுதான்: நரம்பைக் கொன்று வலியை நிறுத்தியது. மற்றதெல்லாம் வலி தெரியாமல் ஆணியை மிதித்ததாலும், புண்ணோடு நடந்ததாலும் வந்தது. வலியுள்ளவர் கால் நோகும்போது தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். வலி தெரியாதவர் ஒரே இடத்தை மிதித்து மிதித்துத் தசையைக் கொன்றுவிடுகிறார்.

உணர்வற்ற பாதத்தைக் காக்கச் சரியான செருப்பு முக்கியம் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். வேலூரிலும் கரிகிரியிலும் உருவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு இன்றும் அரசு மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் புழங்குகிறது. நோயாளியின் பாதத்தைத் தினமும் தொட்டுப் பார்த்து, சூடான இடத்தைத் தேடுவது அவர் பழக்கம். புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் சூடேறும். இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை என்று பிற்கால ஆய்வுகள் அதற்கு அளவும் வகுத்தன.

பிராண்டின் பாடம் இன்று தொழுநோயாளிகளைவிட நீரிழிவு உள்ளவர்களுக்கே அதிகம் தேவை. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் முதலில் உணர்வு போவது பாதங்களில்தான். சி.டி.எச். சாலையில் நூறு பேர் நடந்தால் அவர்களில் பத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தார் சுடும்போது அலறாமல் நடக்கிறவரைப் பார்த்து பக்கத்தில் இருப்பவர் பக்தி என்று வியக்கிறார். அது நரம்புச் சேதமாகவும் இருக்கலாம்.

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெளியில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடும் வெறும் சாக்ஸோடும் நடக்கக் கூடாது என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். வாசலில் செருப்பை விடும் நம் வீடுகளில் இது எளிதல்ல. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். வைத்துக்கொள்வது ஒரு வழி.

நல்ல உணர்வுள்ளவர்களுக்குப் பாதத்தைக் கவனிக்க இரவு பத்து நிமிடம் போதும். சோப்பு நீரில் கழுவி, விரல் இடுக்குகளை உலர்த்தி, உள்ளங்காலை மொபைல் கேமராவில் படமெடுத்துப் பார்க்கலாம்; கண்ணுக்குத் தப்பிய வெட்டு படத்தில் தெரியும். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ குதிகாலுக்குத்தான். இடுக்கில் பூசினால் சேற்றுப்புண்ணுக்கு வசதி. கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காமல் விட்டால் அதுவே நல்ல கட்டு. கால் ஆணியை பிளேடால் சீவுவது, அமிலப் பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

இந்த ஆண்டு நடக்கப்போகிறவர், முக்கியமாக நாற்பது வயது தாண்டியவர், மாலை போடும் வாரத்திலேயே ஒரு மருத்துவமனையில் காலைக் காட்டிவிடுவது நல்லது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்காது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை உண்டு. இழை பட்டது தெரிந்தால், கொஞ்ச நாள் பழகிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம். தெரியவில்லை என்றால் செருப்பு போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். திருமலை வரை வேண்டுதலைக் காரிலோ பஸ்ஸிலோ கொண்டுபோனாலும் போதும்.